அரைப்பேர்

(குடும்ப வரலாறு எழுதுவது குறித்து மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர் நம் வரலாற்றைச் சொல்லும்போது கல்வெட்டு, செப்பேடு, குறுநில மன்னர் என்று போனார். நமக்கும் ஒரு ராஜா இருந்தார் என்று நிறுவுவதில் இன்றைக்குப் பலருக்கு ஆர்வம். அவர்கள் செய்யட்டும். ஆண்ட பரம்பரைப் பந்தியில் நமக்கும் ஓர் இலை போடச் சொல்லிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிய வேண்டியது சின்ன விஷயம். எங்க பூட்டி காலையில் எத்தனை மணிக்கு எழுந்தது? எழுந்ததும் எதை முதலில் தொட்டது, விளக்கையா, பிள்ளையையா, தண்ணிக் குடத்தையா? அந்த இருட்டில் தண்ணிக்குப் போய் யாரிடம் பேச்சு வாங்கியது? இதைத் தேட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராஜாவைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம் என்றுதான் நினைக்கிறேன்.

பூட்டி என்று நான் சொல்வது அம்மாவின் அப்பாவைப் பெற்றவளை. திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கத்துச் சேரி. 1920களின் நடுவில், மாரில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பித்தளைச் செம்புமாகப் புருஷனோடு கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். அவளுடைய மருமகள் எங்க அம்மாச்சி. லயத்தில் பிறந்து லயத்திலேயே வாக்கப்பட்டவள். அம்மா, 1974இல் பன்னிரண்டு வயதில் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். நான் கோயம்புத்தூரில் ஒரு பேங்கில் கிளார்க், கவிதையும் எழுதுவேன். நாலு தலைமுறை. முதல் இரண்டு பேரின் அன்றாடத்தைப் பற்றி எழுத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடப்போன கதைதான் இது. பூட்டியின் பெயரையும் அம்மாச்சியின் பெயரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அச்சில் வர வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார்.

'முன்னோடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் தோட்டத் தொழிலின் முன்னோடிகள் என்று வெள்ளைக்காரத் துரைமார்களைப் பற்றி 1890களில் கொழும்பில் புத்தகமே போட்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. 19 ஏக்கர் காட்டை அவர் ஒத்தை ஆளாக வெட்டினாரா? ஒரு தேயிலைச் செடி எப்படி இருக்கும் என்றே தெரியாத, மலையையே பார்த்திராத சமவெளிப் பெண்கள், அட்டை கடிக்கும் குளிரில் நின்று அந்தத் தொழிலை ஏற்படுத்தினார்கள். புது ஊரில் முதல் அடுப்பு மூட்டியவர்களை முன்னோடி என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

ஆனால் தேடுவது எப்படி? கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கயூத்ரா பகதூர் என்ற பத்திரிகையாளர், 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தனியே கப்பல் ஏறிய தன் பூட்டியைப் பற்றி 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு இருந்தது: குடிபெயர்வுச் சீட்டு. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களுக்குப் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். 1860 முதல் மதராஸிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களுக்கும் அப்படிக் கப்பல் பட்டியல்கள் உண்டு. இலங்கைக்குப் போனது அப்படியல்ல. அது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துத் தன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போவான். தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் கமிஷன் 1904இல் திருச்சியிலேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்த பிறகும், ஆளின் கழுத்தில் தொங்கியது ஒரு தகர வில்லைதான். அதில் இருந்தது தோட்டத்தின் பதிவு எழுத்தும் எண்ணும். பெட்டியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும். யார் என்பது இல்லை.

அப்புறம் மண்டபம் முகாம். அங்கே சில நாள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, துணியை அவித்து எடுத்து அனுப்புவார்கள். பூட்டி போனது அந்த வழி. ஐம்பது வருஷம் கழித்து அம்மாச்சி குடும்பத்தோடு திரும்பி வந்தபோது இறக்கி வைக்கப்பட்டதும் அதே மண்டபம் முகாம். போகிறபோது என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பதற்குப் பூட்டி சொல்லி அம்மாச்சி சொன்ன ஒரே வரி இருக்கிறது: "உப்பில்லாத சோறு, கடல் மட்டும் பக்கத்துல."

தகரத்தில் பெயர் இல்லை. எங்கேதான் இருக்கிறது? கணக்கில் இருக்கிறது. இதைக் கண்டுகொள்ள எனக்குக் கவிதை உதவவில்லை, பேங்க் வேலைதான் உதவியது.

தோட்டத்துத் தமிழில் ஒரு சொல் உண்டு, பேர். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். "இன்னிக்குப் பேர் போட்டாங்களா?" என்று கேட்டால் இன்றைக்குச் சம்பளம் உண்டா என்று அர்த்தம். பெரட்டுக்குப் பிந்தி வந்தால், கொழுந்து குறைந்தால், கணக்கப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசினால் அரைப்பேர். அதாவது அரை நாள் கூலி. பாருங்கள், வேலைக்கும் கூலிக்கும் ஆளுக்கும் ஒரே சொல். அரைப்பேர் போட்ட அன்றைக்கு அவள் பாதி ஆள்.

பெண்ணுக்கு முழுப்பேர் விழுந்தாலும் அது ஆணின் முழுப்பேர் ஆகாது. இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலகப் பொருளாதார மந்தத்தில் அதையும் வெட்டினார்கள். வித்தியாசம் 11 சதம். மாதம் 25 பேர் என்று வைத்தால் 2 ரூபாய் 75 சதம், வருஷத்துக்கு 33 ரூபாய். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்கூலி என்று ஆனது 1984இல். இடையில் ஐம்பத்தைந்து வருஷம். பூட்டி ஆயுளும் அம்மாச்சி தோட்டத்து ஆயுளும் அதற்குள் முடிந்துவிட்டன. அந்த 43 சதமும் அவள் கைக்கு வந்ததா என்றால், சம்பள நாளில் பெண்ணின் கூலியைப் புருஷனோ அப்பனோ கைநீட்டி வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்திருக்கிறது. தோட்டப் பெண்களைப் பற்றி ரேச்சல் குரியன் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வு இதைச் சொல்கிறது. "பேர் எனக்கு, காசு ஒங்க தாத்தாவுக்கு" என்று அம்மாச்சி சொன்னது ஆய்வுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

ஒரு பேர் என்று கணக்கப்பிள்ளை போட்ட அந்த ஒற்றைக் கோட்டுக்குள் என்ன இருந்தது? அம்மாச்சி 2016இல் காலமாவதற்கு முன் அவரிடம் பலமுறை உட்கார்ந்து கேட்டு வாங்கியது இது.

நாலு மணிக்கு எழும்பணும். விடிகாலை தப்பு அடிப்பார்கள், அதுதான் தோட்டத்துக் கடிகாரம். அடித்தது நம்ம ஆள்தான், அம்மாச்சியின் சொந்தத் தாய்மாமன். நம்மை எழுப்பி வேலைக்கு விரட்ட நம்ம தப்பையே வைத்துக்கொண்டது தோட்டம். தப்புச் சத்தத்துக்குப் பிறகு எழுந்த பெண்ணுக்கு அன்றைய பொழுது பிடிபடாது. முதலில் பீலிக்குத் தண்ணிக்குப் போக வேண்டும். அங்கே நிற்பதற்கும் சாதி வரிசை உண்டு. துரை குடிக்கிற தேத்தண்ணியில் எங்க பூட்டி கை பட்டிருக்கலாம், பெரிய கங்காணி வீட்டுக் குடத்தில் படக்கூடாது. அதனால் கங்காணி வீட்டுப் பெண்கள் வருவதற்குள் பிடித்துவிட்டு வந்துவிடுவது என்பது பூட்டியின் ஏற்பாடு. இருட்டில் போனதற்குக் காரணம் சுறுசுறுப்பு இல்லை.

காம்பரா பத்துக்குப் பன்னிரண்டடி. அதில் மாமியார், மாமனார், மகன், மருமகள், பிள்ளைகள். அடுப்புக்குத் தேயிலை மிலாறு, மழை நாளில் ஈரம் சொட்டும். புகையில் கண் போனதென்று அம்மாச்சி கடைசி வரை சொன்னார். காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து ஒரே சமையல். பூட்டி காலத்தில் தோட்டம் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்ட அரிசி. ரொட்டி வந்தது அம்மாச்சி காலத்தில். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கு சுற்றி, தலையில் கம்பளி போட்டு, அதன் மேல் கூடைக் கயிறு. ஆறு மணிக்குப் பெரட்டு. அங்கிருந்து எந்த மலை என்று பிரித்துவிடுவார்கள். பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் இடையில் இறங்கி வந்து கொடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்குக் கொழுந்து கிடையாது. மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை ராத்தல் கழிப்பான். சாயங்கால நிறுவை முடிந்து, மிலாறு கட்டித் தலையில் வைத்து, வந்து அரைத்து, ஆக்கி, எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிட்டு, ஒன்பது பத்துக்குப் படுத்தால் மறுபடி நாலு. பதினெட்டு மணி நேரம். செக்ரோலில் 1.

இதையெல்லாம் அம்மாச்சி தானாகச் சொல்லவில்லை. "ஒங்க வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்க அம்மாச்சி" என்று ஆரம்பத்தில் கேட்டபோது, "எனக்கு என்னாடி வரலாறு, கொழுந்து எடுத்தேன், புள்ள பெத்தேன்" என்று முடித்துவிட்டார். அட்டை கடிச்சா என்ன போடுவீங்க என்று கேட்ட அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார். மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். கேள்வி கேட்கப் போகும்போது போராட்டம், எழுச்சி, உணர்வு என்ற நம் சொற்களைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். மாதவிலக்குத் துணியை எங்கே காயப்போட்டீங்க? மருமகள் எங்கே சேலை மாத்துவா? பிள்ளை காய்ச்சலில் கிடந்தா யார் பார்த்தா? புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாவின் வாழ்க்கையை ஜோசியான் ராசின் பதிவு செய்ய வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. நாம் ஒரு விடுமுறையில் முடிக்கப் பார்க்கிறோம்.

எதிரியின் எழுத்தையும் படிக்க வேண்டும். துரைமார்கள் கூலிகளிடம் பேசுவதற்கென்றே அந்தக் காலத்தில் தமிழ்க் கையேடுகள் போட்டார்கள். அதில் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. மரியாதை தெரிகிறதல்லவா. ஆனால் அந்த மாதிரிக் கையேடுகளில் வரிசையாக இருக்கும் ஏவல்களைப் படித்தால் அன்றைய பொழுது எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்று தெரிந்துவிடும். ஏவலுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதுதான் இருக்காது.

இன்னொன்று. முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தார். மலையகத் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய இடம், இருக்கவும் வேண்டும். அந்தக் காலத்து வேலைநிறுத்த நாட்களில் லயத்தில் அடுப்பு எதை வைத்து எரிந்தது? தோட்டம் அரிசியை நிறுத்தினால் ஆறு வயிற்றுக்கு என்ன போட்டார்கள்? வேலைநிறுத்தத்தைத் தாங்கிப் பிடித்த அந்தக் கணக்கைப் போட்டது பெண்கள். நம் மேடைப் படங்களில் அவர்கள் இல்லை.

சரி, செக்ரோலுக்கு வருகிறேன்.

கண்டிப் பக்கம் இருக்கிற எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவன், அம்மாச்சி வேலை செய்த தோட்டத்தில் பழைய காகிதங்களை ஒதுக்கியபோது சில செக்ரோல் பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். 1957, 1958. ஒன்பது மாதப் பக்கங்கள். வரிசை எண், பெயர், முப்பத்தொரு கட்டம். கட்டத்தில் 1, அல்லது ½, அல்லது ஒரு சின்னக் கோடு. எங்க அம்மாச்சி பெயர் இருந்தது. பார்த்ததும் அழுகை வரவில்லை. பேங்கில் ஒரு கணக்கைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். கணக்கு பார்க்கிறவள் போட்டிருப்பதைவிடப் போடாமல் விட்ட இடத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

1958இல் ஒரு இடத்தில் ஞாயிறுகளையும் சேர்த்து முப்பத்தொன்பது கட்டம் காலி. அதற்கு முந்தின நாள் வரைக்கும் 1. இலங்கையில் பிரசவ உதவிச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. அதனால் இப்படி ஒரு நீளமான காலி இடம் கண்டால் பிரசவம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்க பெரியம்மா 1954, மாமா 1956, அம்மா 1962. 1958இல் எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன், தெரியாது என்றார். கோத்தகிரியில் இருக்கிற பெரியம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பொட்டப்புள்ள. பத்தொம்பது நாளு இருந்துச்சு. பேரு வைக்கல." லயத்துக்குக் கீழே தேயிலைக்குள் புதைத்தார்கள். அந்த மலையிலேயே அம்மாச்சி பின்னால் கொழுந்து எடுத்திருக்கிறார். பிள்ளை போன மறுநாளே மலைக்குப் போகிறேன் என்று அம்மாச்சி கிளம்பியிருக்கிறார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று. விடாமல் பிடித்து உட்கார வைத்தது பூட்டி. ஓர் ஆள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவன் ஆள் கேட்டு லயத்துக்கு வந்தபோது பூட்டி இஸ்தோப்பில் நின்று அவன் மூன்று தலைமுறையைக் கிழித்ததாம். "எம் மருமக இந்த மாசம் வரமாட்டா, ஒன் பேரையே கொண்டுபோய் அதுல போட்டுக்க" என்று சொன்னதாகப் பெரியம்மா சொன்னார். பெரியம்மாவும் பின்னால் அம்மாச்சி வாயிலிருந்து கேட்டதுதான்.

இதே பூட்டி அம்மாச்சியை விறகுக் கட்டையால் அடித்தவள். பெரியம்மாவைப் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பிள்ளை பார்க்க வைத்ததும் அவள்தான். நான் இதை மறைக்கப்போவதில்லை. நம் பாட்டிகளைக் காவல் தெய்வமாக்கிச் சிலை வைத்துவிட்டால் அவர்களைப் பற்றி அதற்கப்புறம் எதையும் கேட்க முடியாது.

அந்த முப்பத்தொன்பது கட்டத்தில் பத்தொன்பது பிள்ளையோடு இருந்த நாட்கள். மீதி இருபது பூட்டி வாங்கிக் கொடுத்தது. எந்தச் சட்டத்துக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

சட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏன் இந்தத் தேடல் வெறும் பழங்கதை இல்லை என்பதற்காக. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தபோது கேட்டது என்ன? உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா? அல்லது அப்பாவைப் பெற்றவரும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்தார்களா? அம்மா எங்கே பிறந்தாள் என்று கேட்கவில்லை. லயத்திலேயே பிறந்த அம்மாச்சி அந்தச் சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு கொழுந்துக்காரியிடமும் யாரும் கேட்கவில்லை. வந்து இறங்கியவர்களில் எங்களைப் போலப் பல குடும்பங்கள் நீலகிரிக்குப் போய், அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடி பேருக்கு நின்றன.

சில வருஷங்களுக்கு முன் எங்க மாமா மகள் சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டபோது, ஒரு தாலுகா ஆபீஸில் கேட்ட கேள்வி கொழும்பு கேட்டதற்குத் தங்கச்சி. உங்க தாத்தாவின் சொந்த ஊர் எது? அவர் அங்கே இந்தச் சாதிதான் என்பதற்கு என்ன காகிதம்? நூறு வருஷத்துக்கு முந்திப் பஞ்சம் பிழைக்கப் போனவன் காகிதம் எழுதி வைத்துவிட்டா போனான்? நீலகிரியில் தாயகம் திரும்பிய தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கதி உண்டு. சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் பொதுப்பிரிவில் போய் இடம் கிடைக்காமல் நிற்பார்கள். எங்கள் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிற்று.

அப்போதுதான் அம்மாச்சியிடம் பதிவு செய்து வைத்திருந்தது வேலைக்கு வந்தது. பூட்டி தன் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த விஷயங்கள்: ஊர்ப் பெயர், குலசாமி எந்த மரத்தடியில் இருக்கிறது, சேரிக் கிணற்றுக்கு எந்தப் பக்கம் படி, யார் வீட்டில் பித்தளைச் செம்பு வாங்கியது. தாத்தாவுக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது, அதையும் பாதியாகத்தான். நானும் மாமாவும் துறையூர்ப் பக்கம் போய் இறங்கி, அந்தச் சேரியில் ஒரு வயசான ஆத்தாவிடம் மரத்தையும் படியையும் சொன்னோம். "சிலோனுக்குப் போனவ வகையறாவா நீங்க?" என்று கேட்டது. போனவ என்றது, போனவன் என்று சொல்லவில்லை. அங்கிருந்து பங்காளிகள் வந்து நின்று, அவர்களுடைய காகிதம் வைத்து, விசாரணை நடந்து சான்றிதழ் கிடைத்தது. காகிதம் கேட்டது ஆம்பளை வழியை. வழியை நினைவில் வைத்திருந்தது அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு பெண்கள்.

ஆகவே வீட்டில் வயசானவர்கள் இருக்கிற தோழர்கள் இந்த மாதமே போய் உட்காருங்கள். போன் இருக்கிறது எல்லோரிடமும், பதிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டு, பழைய பாஸ்போர்ட், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைக்குப் பால்மா வாங்கின அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள், கண்டியிலிருந்த இந்திய அரசு ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். கூலி, சாவு, பிரசவம் பற்றிய எண்கள் அவற்றில் வரும். வீட்டுப் பேச்சில் கிடைத்ததை அந்த எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தை விடாதீர்கள், அங்கேதான் அந்தப் பத்தொன்பது நாள் மாதிரி ஏதாவது கிடக்கும்.

பூட்டியின் 1930களின் பக்கங்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை என்று தம்பி சொல்கிறான். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ஒரு பெட்டி இருக்கிறதாம், பூட்டு திறக்க அனுமதி கேட்டிருக்கிறான். அதற்கிடையில் பெரியம்மாவிடம் கேட்க என் நோட்டில் இன்னும் பதினொரு கேள்வி பாக்கி. முதல் கேள்வி அந்தப் பித்தளைச் செம்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. அடுத்த ஞாயிறு கோத்தகிரிக்குப் போகிறேன். உங்களுக்குக் கேட்க இருப்பதை இப்போது கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.